வீரமுத்துவைப் பார்த்தவர்கள்

டிக்கெட்டை வாங்கியதும் வீரமுத்து உட்காருவதில்லை. மெஷினில் அடித்து வந்த அந்தத் துண்டுச் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தேதி விழுந்திருக்கிறதா, நேரம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். ஒன்பது இருபத்தெட்டு. சரி. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டிய பிறகுதான் இடம் தேடுகிறார். அதற்குள் காலியாக இருந்த ஒரு சீட்டும் போயிருக்கும். தா.பழூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார்.

"மெஷின்ல நேரம் ஒழுங்கா விழுதாங்க?" என்று கண்டக்டரைக் கேட்கிறார்.

"விழுதுங்க. ரெண்டு நிமிசம் முன்ன பின்ன இருக்கும்."

"அதென்னங்க ரெண்டு நிமிசம்? ரெண்டு நிமிசத்துல என்னென்னமோ நடந்து போயிருது."

கண்டக்டர் புது ஆளாக இருந்தால் முறைத்துப் பார்ப்பார். பழைய ஆளாக இருந்தால் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்.

வீரமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. நெடுநெடுவென்று உயரம், மீசை முழுக்க நரை, முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. தோளில் துண்டு கிடையாது. சித்திரை வெயிலில்கூட வெறும் தலையோடுதான் நடப்பார். விவசாயி ஒருத்தர் துண்டு இல்லாமல் வயலில் நிற்பதைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்கு வினோதமாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் காரணம் கேட்பதில்லை, அவர்களுக்குத் தெரியும்.

கடைவீதியில் மெடிக்கல் கடை வாசலில் ஒரு கேமரா இருக்கிறது. அதற்கு நேர் கீழே வந்ததும் நிற்பார். முகத்தை நிமிர்த்தி, போட்டோ ஸ்டூடியோவில் நிற்பது போல மூச்சை அடக்கிக்கொண்டு ஐந்து விநாடி நிற்பார். பிறகு ஏ.டி.எம்.முக்குள் போய் ஒரு பைசா எடுக்காமல் இருப்புச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார். இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. சீட்டின் மேல் மூலையில் இருக்கும் தேதியும் மணியும் போதும் அவருக்கு.

"என்னண்ணே, இன்னிக்கு மொகம் நல்லா விழுந்துச்சா?" என்பார் மெடிக்கல் கடைக்காரர்.

"விழுந்துருக்கும். நீ அழிச்சுப்புடாத."

"நான் எங்க அழிக்கிறது? பதினஞ்சு நாளு ஆனா அதுவே அழிஞ்சுரும்ணே. மேல மேல பதியும்ல."

கடைக்காரர் விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று முழுக்க வீரமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த வாரமே வீட்டில் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த பழைய பஸ் டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தார். அத்தனையும் எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகக் கிடந்தன. மெஷின் டிக்கெட்டின் மை ஆறு மாதம் தாங்காது என்று யாருமே அவரிடம் சொல்லியிருக்கவில்லை. இப்போது வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி ஜெராக்ஸ் எடுக்கிறார். ஒரு தாளில் பன்னிரண்டு டிக்கெட் அடங்கும் என்று கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் கண்டுபிடிப்பில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஊரில் காலை டீ ஜோதி கடையில். கடை என்றால் ஒரு கொட்டகை, ரெண்டு பெஞ்சு. ஜோதி வாய்க்காரி. யாரையும் விட மாட்டாள்.

"ஜோதி, மணி என்னா?"

"ஏழே கால்."

"நான் வந்துட்டேன்."

"தெரியுதுண்ணே. வராமயா டீ கிளாசு காலியாவுது? வீரமுத்து அண்ணன் ஏழே காலுக்கு வந்தாரு, சர்க்கரை கம்மியா ஒரு டீ குடிச்சாரு, ரெண்டு தடவை இருமுனாரு. போதுமா? எந்த கோர்ட்டுல கேட்டாலும் சொல்றேன்."

"இருமுனத சொல்லாத. ஒடம்பு சரியில்லாதவன்னு வக்கீலு வேற ஏதாச்சும் கேப்பான்."

பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வீரமுத்துவும் சிரிப்பார். ஆனால் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, 'காலை 7.15, டீக்கடை, ஜோதி, கூட நாலு பேர்' என்று எழுதிக்கொள்ளாமல் எழுந்திருக்க மாட்டார்.

சொந்தமாக ஒன்றரை ஏக்கர். மீதி நாளில் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு அடுத்தவர் வயலுக்கு மருந்தடிக்கப் போகிறார். சும்மா சொல்லக் கூடாது, வேலையில் சுத்தம். மூலை முடுக்கு விடாமல் அடிப்பார். ஒரே ஒரு நிபந்தனைதான்: வயலுக்குச் சொந்தக்காரர் அவர் வேலை முடிக்கிற வரைக்கும் வரப்பில் நிற்க வேண்டும். "நீங்க பாட்டுக்கு வூட்டுக்குப் போனீங்கன்னா நானும் மெஷினக் கழட்டி வச்சிட்டுப் போயிருவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். வெயிலில் நிற்கப் பயந்துகொண்டு சிலர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மத்தியானங்கள்தான் கஷ்டம். மோட்டார் கொட்டாயில் தனியாக இருக்கிற நேரம். அங்கே கேமரா ஏது, ஜோதி ஏது? அப்போது அவர் தன் பட்டன் போனை எடுத்து கஸ்டமர் கேருக்குப் போன் போடுவார். செல்போன் டவர் ஆள் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று வக்கீல் அறிவரசன் எப்போதோ சொன்னது மனதில் தங்கிவிட்டது. ஒன்றை அமுக்கு, ரெண்டை அமுக்கு என்று பாட்டுப் பாடி முடித்து, கடைசியில் எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் வருவாள்.

"சொல்லுங்க சார், என்ன உதவி வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. நான் இங்கதான் இருக்கேன். அத மட்டும் எழுதிக்க."

"சார், உங்க சிம்ல ஏதாவது பிரச்சினையா?"

"பிரச்சினை ஒண்ணும் இல்ல. நீ சாப்ட்டியா?"

அந்தப் பெண் வைத்துவிடுவாள். சில பெண்கள் "சாப்ட்டேன் சார், நீங்க?" என்று கேட்டதும் உண்டு. அப்படிக் கேட்ட நாளில் மனிதருக்கு முகமே மாறிவிடும். வீட்டுக்குப் போய்த் தனக்கு மட்டும் ஒரு கைப்பிடி அரிசி போட்டு வடிக்கும்போதுகூட அந்தக் குரலை நினைத்துக்கொள்வார்.

இப்படிப் பிறந்த ஆள் இல்லை அவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அவரைப் போல அலட்சியமான ஆள் அந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று சொல்லியிருப்பார்கள். எந்நேரமும் தோளில் விவசாய சங்கத்துப் பச்சைத் துண்டு. கல்யாணமா, கருமாதியா, கலெக்டர் ஆபீசா, எங்கே போனாலும் அதே துண்டு. ஊரில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. தூரத்தில் பச்சை தெரிந்தால் வீரமுத்து வருகிறார் என்று அர்த்தம். குழந்தைகள்கூட அப்படித்தான் அடையாளம் சொல்லும்.

அந்தப் புரட்டாசி மாதத்தில் அவருக்கும் அவர் பங்காளி ராஜதுரைக்கும் மடை திறப்பதில் தகராறு. ராஜதுரை சித்தப்பா மகன், தம்பி முறை. அடுத்தடுத்த வயல், ஒரே வாய்க்கால். பத்துப் பேர் பார்க்க, "ஒன்ன வெட்டாம விடமாட்டன்டா" என்று வீரமுத்து கத்தினார். கத்தியது உண்மைதான். தண்ணீர்த் தகராறில் அந்த வார்த்தையைச் சொல்லாத பங்காளி அந்த ஊரில் யாராவது இருந்தால் காட்டட்டும் பார்ப்போம். நாலு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ராஜதுரை அதே மடையோரம் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார்.

பார்த்தது ராஜதுரையின் மனைவி அம்பிகா. புருஷனுக்குச் சோறு கொண்டு வந்தவள், தூரத்திலிருந்தே ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாள். தோளில் பச்சைத் துண்டு. அவளுக்கு வேறு என்ன தோன்றும்? அந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

ஆனால் அன்று மாதக் கடைசி வெள்ளி. அரியலூரில் விவசாயிகள் குறைதீர் கூட்டம். ஊரிலிருந்து ரெண்டு வேன் வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பேர் போய்விட்டு ஒரு மணிக்கெல்லாம் திரும்பியிருந்தார்கள். கூட்டமாக ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று சங்கத்தில் அன்று ஆளுக்கு ஒரு புதுப் பச்சைத் துண்டு கொடுத்திருந்தார்கள். அத்தனை பேரும் தோளில் பச்சையோடுதான் வேனை விட்டு இறங்கி வீட்டுக்கும் வயலுக்குமாகப் பிரிந்து போனார்கள். காலையிலிருந்து அடுப்படியில் இருந்த அம்பிகாவுக்கு இது தெரியாது. கூட்டத்துக்குப் போகாத ஒரே சங்கத்துக்காரர் வீரமுத்துதான். அன்று அவருக்குக் கரண்ட் முறை. மும்முனை மின்சாரம் மூணு மணிக்கு வரும் என்று மோட்டார் கொட்டாயில் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் தூங்கிப்போனார். போலீஸ் வந்து எழுப்பியபோதுதான் ராஜதுரை செத்ததே அவருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் அம்பிகா சொன்னது: "பச்சைத் துண்டு போட்ட ஆளு, முதுகுதான் தெரிஞ்சிச்சு." ரெண்டு வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் சொன்னது: "இவருதான் மண்வெட்டியால வெட்டுனாரு, நேருக்கு நேரா பாத்தேன்." ரெண்டாவது சாட்சி அரிவாள் என்றான். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், வெட்டுக் காயமே இல்லை, கட்டை மாதிரி எதனாலோ அடித்திருக்கிறார்கள் என்றார். மூன்று பேர், மூன்று விதம். இருந்தும் செஷன்ஸ் கோர்ட்டில், கிராமத்து ஜனங்கள் சொல்லும்போது சின்னச் சின்ன முரண்பாடு வரத்தான் செய்யும், அதற்காக ஒதுக்கிவிட முடியாது என்று சொல்லி ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். மண்வெட்டிக்கும் கட்டைக்கும் இருப்பது சின்ன வித்தியாசமாம். கேட்டால் வயிறு எரிகிறது.

தீர்ப்புக்கு முன்னால் ஜட்ஜ் அவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்டார். சாட்சிகள் உனக்கு எதிராகச் சொன்னதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் சொல்ல விடுவது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை. மொத்தம் முப்பத்தேழு கேள்வி. "எல்லாத்துக்கும் பொய்னு சொல்லுங்க, வேற வாயத் தொறக்காதீங்க" என்று அப்போதைய வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். முப்பத்தேழுக்கும் பொய் என்றார். கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கேட்டார்கள். வீரமுத்து வக்கீலைப் பார்த்தார். வக்கீல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "இல்லைங்க" என்றார்.

"மோட்டார் கொட்டாயில தூங்கிட்டு இருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்று இன்றைக்கும் ஜோதி கடையில் உட்கார்ந்து தன்னைத்தானே கேட்டுக்கொள்வார். "அந்த முப்பத்தேழுல ஒண்ணாச்சும் நீ எங்கடா இருந்தேன்னு இருக்கும்னு பாத்தேன். இல்லயே."

திருச்சி ஜெயிலில் ஐந்து வருஷம் நாலு மாதம். மூன்றாவது வருஷம் அவர் மனைவி ஜெயலட்சுமி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். குழந்தை கிடையாது. ரெண்டு போலீஸ்காரர்கள் கூட வர, ஆறு மணி நேரம் அனுமதியில் வந்து கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பினார். ஜெயலட்சுமி கடைசி வரைக்கும், "அவரு செய்யமாட்டாரு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். எங்கே இருந்தீர்கள் என்று அவளும் கேட்டதில்லை. நம்புகிறவளுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவருக்கு மட்டும், அவளாவது கேட்டிருக்கலாமே என்று ஒரு குறை.

அப்பீலை எடுத்து நடத்தியவர் அறிவரசன். பெரம்பலூர்ப் பக்கத்துப் பிள்ளை, சென்னையில் வக்கீல். இலவசச் சட்ட உதவியில் கேஸ் கட்டு அவர் கைக்கு வந்தது. நானூறு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். பதினோராவது சாட்சியான கிராம உதவியாளர், சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய மகஜரில் கையெழுத்துப் போட்டதைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில், யாரும் கேட்காமலே ஒரு வரி சொல்லியிருந்தார்: "அன்னைக்குக் கூட்டத்துக்குப் போன எல்லாருக்கும் துண்டு குடுத்தாங்க, எனக்குந்தான் குடுத்தாங்க." ஆறு வருஷம் அந்த வரி பேப்பருக்குள் தூங்கியிருக்கிறது. அரசு வக்கீலும் பார்க்கவில்லை, வீரமுத்துவின் பழைய வக்கீலும் பார்க்கவில்லை. அறிவரசன் அதைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்திரண்டு பச்சைத் துண்டில் இது யாருடைய முதுகு என்று ஹைகோர்ட்டில் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே கேஸ் உடைந்தது. விடுதலை.

விடுதலையாகி வந்த வீரமுத்துவைத் திருச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, இங்கிலீஷ் தீர்ப்பை அறிவரசன் தமிழில் சொன்னார். முதல் சாட்சி அம்பிகாவின் வார்த்தை முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது, நம்பி தண்டிக்க முடியாது, சந்தேகத்தின் பலன் இவருக்குச் சேரும்.

வீரமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் செய்யலன்னு எந்த எடத்துல சார் எழுதிருக்கு?" என்றார்.

"அப்படி எழுத மாட்டாங்கண்ணே. நிரூபிக்கலன்னுதான் எழுதுவாங்க. நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு, ஒங்க பொறுப்பு இல்ல. சட்டப்படி நீங்க நிரபராதி."

"சட்டப்படி சரி சார். ஊருக்குப் போவணுமே."

ஊர் அவரை அடிக்கவில்லை, வையவில்லை. வேலைக்குக் கூப்பிடுகிறது, டீ கொடுக்கிறது. ஆனால் பந்தியில் அவருக்கு ரெண்டு பக்கமும் நாற்காலி காலியாக இருக்கும். "ஓட்டையில பூந்து வந்துட்டாரு" என்று அவர் காது கேட்காத தூரம் போனதும் பேசுவார்கள். தூரத்தைச் சரியாகக் கணிக்கத் தெரியாதவர்கள் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. ராஜதுரையை யார் கொன்றார்கள் என்று அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை. தேடாத வரைக்கும் அது வீரமுத்துவின் தலையில்தான் நிற்கும்.

ஊர் பேசுவதைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். தாங்க முடியாதது அம்பிகா. அடுத்த வயலில் களை எடுக்கிறாள், நாற்று விடுகிறாள், மாட்டுக்குப் புல் அறுக்கிறாள். முன்பெல்லாம் "மாமா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். அவர் வரப்பில் வந்தால் இப்போது முதுகைத் திருப்பிக்கொள்கிறாள். விடுதலையாகி வந்து நாலு வருஷம், ஒரு வார்த்தை கிடையாது.

"ஹைகோர்ட்டு சொல்லிருச்சு, சர்தான்" என்று ஒருநாள் ஜோதியிடம் சொன்னார். அன்று சிரிக்கவில்லை. "அம்பிகா சொல்லணும் ஜோதி. அது நீ இல்லன்னு அந்தப் புள்ள வாயால ஒரு தடவ சொல்லிருச்சின்னா, நான் பாட்டுக்கு நிம்மதியா செத்துப்போவேன்."

"போயி கேளுங்களேன்."

"வக்கீலு போகக் கூடாதுன்னாரு. சாட்சிய மெரட்டுனேன்னு இன்னொரு கேஸ் வருமாம்."

அதனால் போகவில்லை. அவள் வயலில் தனியாக இருப்பது தெரிந்தால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். யாராவது வரும் வரைக்கும் தன் வயலின் அந்தக் கோடியில் போய் நின்றுகொள்வார்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம். வாய்க்காலில் தண்ணீர் வரத்து நின்று ரெண்டு மாதம். வெடிப்பு விட்டுக் கிடந்தது. வீரமுத்து மோட்டார் கொட்டாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதிரே வாய்க்கால் கரையில் அம்பிகா புல் அறுத்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கெட்டிய வரை வேறு ஆள் இல்லை. வழக்கம்போல அந்தக் கோடிக்குப் போகலாம் என்று திரும்பினார். 'ஐயோ' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கரையில் ஆளைக் காணோம்.

ஓடப் போனவர் நின்றுவிட்டார். அதே வாய்க்கால், அதே உச்சி வெயில், அவரும் ராஜதுரை குடும்பமும் தவிர ஈ காக்கை இல்லை. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினார். மூன்று தடவை கத்தினார். ஜோதிக்குப் போன் போட்டார், மணி அடித்து அடித்து நின்றது. நூற்றெட்டுக்குப் போட்டார். பேர், ஊர், வயல் இருக்கும் இடம் எல்லாம் சொன்னார். வண்டி வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வாய்க்காலுக்குள்ளிருந்து முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் நடந்தார்.

மண் சரிந்து உள்ளே விழுந்திருந்தாள். வலது கணுக்கால் கோணிக்கொண்டு திரும்பியிருந்தது. நிமிர்ந்து பார்த்தவள் கரையில் நிற்பது யார் என்று தெரிந்ததும் பக்கத்தில் கிடந்த புல்லரிவாளை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்ட வராதீங்க."

"வரலம்மா. நான் வரல. நூத்தெட்டுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டு இருக்கான். கால அசைக்காத."

பத்தடி தள்ளிக் கரையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரெண்டு கையையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அவள் அவரைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. கண் கூசித் தண்ணீர் வழிந்தபோதும் இமைக்காமல் அவரையே பார்த்தாள். அரிவாளைக் கீழே வைக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. மணி பார்க்கத் தோன்றவில்லை.

"அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்றாள் திடீரென்று.

பன்னிரண்டு வருஷமாக இதற்கு ஒரு நீளமான பதில் வைத்திருந்தார் அவர். கரண்ட் முறை, சப் ஸ்டேஷன் ரிஜிஸ்தர், டவர் என்று எல்லாம் அதில் இருந்தது. வந்தது ஒரு வரிதான்.

"மோட்டார் கொட்டாயில தூங்கிட்டேம்மா."

"யாரு பாத்தா?"

"ஒருத்தரும் பாக்கல."

அம்பிகா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலியா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

"நானும் மூஞ்சியப் பாக்கல" என்றாள். "முதுகத்தான் பாத்தேன். முதுகுன்னு சொன்னா கேஸ் நிக்காது, ஒம் புருசன் செத்தது செத்ததாவே போயிரும்னாங்க. நீங்கதான்னு நான் சத்தியமா நெனச்சேன். அதான் மூஞ்சியப் பாத்தேன்னு சொன்னேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "கூட்டத்துல எல்லாருக்கும் துண்டு குடுத்த சேதி எனக்கு ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்த ராத்திரிதான் தெரியும். அப்பறம் யாருகிட்ட போயி என்னன்னு சொல்றது?"

கேட்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. இதை நாளைக்கு அவர் ஊரில் சொன்னால் ஒருத்தர் நம்பப் போவதில்லை. வீரமுத்துவின் மீசை துடித்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை, அவள் பயந்துவிடுவாளோ என்று.

சூரியன் உச்சியிலிருந்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் நெற்றியில் வேர்வை உருண்டுகொண்டிருந்தது. வாய்க்கால் நெடுக ஒரு மரம் கிடையாது. வீரமுத்து எழுந்தார். அவளை நோக்கிப் போகவில்லை. அரிவாளின் மேல் ஒரு கண் வைத்தபடி, கரையோடு ஒட்டி மேற்குப் பக்கமாக நாலு எட்டு நடந்து, சூரியனுக்கும் அவளுக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் இடப்புறம் நகர்ந்தார். போதவில்லை. இன்னும் அரை அடி நகர்ந்து, தன் நெடிய உருவத்தின் நிழல் அவள் முகத்தின் மேல் முழுசாக விழுகிறதா என்று தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அப்படியே அசையாமல் நின்றார்.